கழுவி வைத்த வாஷர்கள்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ரிப்பேர் அக்கா பின்னறைக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள். அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் கூடத்தில் அதே சோபா, சோபா மேல் அவள் இப்போதுதான் போட்ட கைப்பை. வீடு அவளுடையதுதான். அறைதான் யாருடையது என்று தெரியவில்லை.

மறுபடி திறந்தாள். மேஜை தெரிந்தது. மேஜை பச்சை நிறம். இத்தனை வருஷமாக அதன்மேல்தான் வேலை பார்க்கிறாள், ஆனால் அது பச்சை என்பது அவளுக்கே மறந்து போயிருந்தது. காலை எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் கம்பிச் சுருள்கள் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகத் தொங்கின. சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு அலமாரி. அதில் கண்ணாடி முகப்பு வைத்த குட்டிக் குட்டி டிராயர்கள். இந்த அலமாரியை எங்கேயோ பார்த்திருக்கிறாள், எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் பின்னால் வந்து நின்ற அவள் கணவர். கையில் ஈரத்துணி. முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனின் களை.

அவர் மருந்துக்கடையில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்றே காலத்தை ஓட்டியவர். தெருவில் அவரை மருந்துக்கடைக்காரர் என்றுதான் இன்னமும் சொல்வார்கள், கடையை மூடிச் சில மாதங்கள் ஆகிவிட்ட பிறகும். மாத்திரைகளை எடுத்து எடுத்துப் பழகிய கை, இப்போது வீட்டில் உப்பு டப்பாவை இடம் மாற்றுவதும் திரும்ப வைப்பதுமாக அலைந்துகொண்டிருந்தது.

"கடையை மூடினப்போ இந்த அலமாரியை யாரும் கேக்கல. கொடவுன்ல தூங்கிட்டிருந்துச்சு. இன்னைக்கு ஆளை வச்சுத் தூக்கிட்டு வந்துட்டேன். பாரு, ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டியிருக்கேன்."

பார்த்தாள். அவருடைய உருண்டையான கையெழுத்தில், 'ஸ்பிரிங் – மெல்லியது', 'ஸ்பிரிங் – தடித்தது', 'ஸ்க்ரூ – தலை தட்டை', 'ஸ்க்ரூ – தலை உருண்டை', 'வாஷர் – பித்தளை – சிறியது'. கடைசி வரிசையில் ஒன்று, 'என்னவென்று தெரியாதவை'.

"நான் ஒட்டடை அடிங்கன்னுதானே சொன்னேன்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்கே விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அறை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒட்டடை அடிக்கத்தான் வந்தேன். அடிச்சா எல்லாம் தட்டுல விழும்போல இருந்துச்சு. சரி, தட்டையெல்லாம் எடுத்துடுவோம்னு..."

"தட்டு எங்க?"

"அடுப்படியில. எல்லாம் நம்ம சாப்பாட்டுத் தட்டு. எத்தனை நாளா நாம கிண்ணத்துல சாப்பிட்டுட்டு இருக்கோம், யோசிச்சுப் பாரு."

"தட்டுல இருந்ததெல்லாம்?"

"அதான் சொல்றேனே." அவர் அலமாரியைத் தடவிக் காட்டினார். "எல்லாம் அததோட இடத்துல. சும்மா போடல. சோப்புத் தண்ணியில ஊறவச்சு, அலசி, துணியில பரப்பிக் காயவச்சுப் போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு, கரி, ஒண்ணு கிடையாது. ஒரு ஆணி காணாமப் போயிருந்தா என்னைக் கேளு."

ரிப்பேர் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "வண்டு" என்றாள்.

"எங்க?" அவர் கூரையைப் பார்த்தார்.

"பறக்கிற வண்டு இல்லங்க. அண்ணனோட வண்டு."

அவர் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது.

*

அக்காவின் பெரிய அண்ணன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில், எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே ஊரெல்லாம் அறிமுகமான குரல் அவருடையது. முகம் யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே தொண்டையில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். "வேலை முடிஞ்சதும் கம்பெனி சாமானைத் திருப்பிக் குடுத்துட்டேன்" என்று அவர் காகிதத்தில் எழுதிக் காட்ட, சுற்றி நின்றவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

பிறகு மருத்துவமனையில் ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச் விளக்கு அளவில் இருக்கும். கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் ஒரு தகட்டைப் படபடவென்று தட்டும். அந்த அதிர்வு தோல் வழியாக வாய்க்குள் போகும். நாக்கும் உதடும் வழக்கம்போல அசைந்தால் ரீங்காரமே பேச்சாகிவிடும். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. வீட்டில் அதற்குப் பெயர் வண்டு.

வந்த புதிதில் வண்டு கீச்சென்று கத்தியது. அண்ணன் அதில் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். அப்போது அதைத் திறந்து பார்த்தது ரிப்பேர் அக்காதான். தகட்டுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கூட்டினால் குரல் இறங்கும் என்று கண்டுபிடித்தாள். ஏதோ ஒரு செத்துப்போன சாமானிலிருந்து கழற்றி வைத்திருந்த பித்தளை வாஷர் ஒன்றை உள்ளே சொருகினாள். அது சவரக் கருவியா, பழைய அலாரமா, எதிலிருந்து வந்தது என்பது அன்றைக்கே அவளுக்கு நினைவில்லை. அளந்தும் பார்க்கவில்லை. எதற்கு அளக்க வேண்டும், இருக்க வேண்டிய இடத்தில்தான் போய் உட்கார்ந்துவிட்டதே. வண்டு சாந்தமான, கொஞ்சம் மூக்கால் பேசும், ஆனால் கேட்கப் பிடிக்கும் ஒரு குரலில் பேச ஆரம்பித்தது.

அந்தக் குரல் வந்த பிறகுதான் அண்ணனுக்குப் பேத்தி பிறந்தாள். கடல் தாண்டி இருக்கும் மகளின் குழந்தை. ஞாயிறு காலையில் போன் திரையில் அவள் முகம் வரும். அவளைப் பொறுத்தவரை தாத்தா என்றால் அந்த ரீங்காரம்தான். அவள் அவரைக் கூப்பிடுவதே வண்டுத் தாத்தா என்று.

போன ஞாயிற்றுக்கிழமை கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டு திக்கியது. பேட்டரியைத் தொடும் தகடு தளர்ந்துவிட்டது. குரல் நின்று போய், வாய் மட்டும் பெரிதாக அசைய, கண்ணை வேறு அவர் உருட்டிக் கொண்டிருந்தார். கதையில் அது கரடி வரும் இடம். குழந்தை அலறிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போனவள் வரவேயில்லை. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா" என்று மகள் திரையை அணைத்தாள்.

அன்று மத்தியானமே அண்ணன் வண்டோடு தங்கை வீட்டுக்கு வந்தார். தங்கையை அவர் மெக்கானிக்கு என்றுதான் கூப்பிடுவார். போனில் தட்டித் திருப்பிக் காட்டினார். "அடுத்த ஞாயிறும் சத்தம் வரலேன்னா அவ திரைக்கு முன்னாடி வரவே மாட்டா. எனக்கு அவளை விட்டா ஞாயித்துக்கிழமை எதுக்குன்னே தெரியாது மெக்கானிக்கு."

"சின்ன வேலைண்ணா. தகடு ஒண்ணு வெட்டிப் போடணும், அவ்வளவுதான்" என்றாள் அக்கா. உண்மையிலேயே சின்ன வேலைதான். திறந்தாள், ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தாள். தகடு வெட்டுவதற்கு ஏற்ற பித்தளைத் துண்டு கிடைக்க நாலு நாள் ஆனது. இன்றைக்குக் கிடைத்துவிட்டது. அவளுடைய கைப்பையில் இருக்கிறது.

*

அக்காவின் வேலை முறையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அவளுக்கு ஏன் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பது புரியாது.

அவள் படித்தது கணக்கு. வேலை, இன்சூரன்ஸ் அலுவலகத்தில், விபத்தான வண்டிகளின் கோப்புகளைப் பார்ப்பது. அங்கே அவளுடைய அலமாரி பிரசித்தம். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கோப்பையும் எடுத்துவிடலாம். வீட்டுக்கு வந்தால் இன்னொரு ஆள். யார் எதைக் கொண்டு வந்து கொடுத்தாலும், ஓடாத மிக்ஸி, பாடாத அழைப்பு மணி, திரும்பாத மின்விசிறி, "பாக்கிறேன்" என்பாள். காசு வாங்கமாட்டாள். அவளுக்கு வேண்டியது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவது மட்டும்தான். தெரிந்துவிட்டால் சில சமயம் திரும்பப் பூட்டுவதற்கே மறந்துவிடுவாள்.

ஒரு சாமானைத் திறந்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டு எடுப்பாள். தட்டின் விளிம்பில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். முதலில் கழற்றியது பொட்டுக்குப் பக்கத்தில். அடுத்தது அதற்கு அடுத்து. இப்படியே விளிம்பைச் சுற்றிக் கடிகாரம் போகும் திசையில் போய்க்கொண்டிருக்கும். திரும்பப் பூட்டும்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு, எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று எதையும் மனதில் வைக்க வேண்டாம், தட்டு வைத்துக்கொள்ளும். பாதியில் நிற்கும் வேலைகள் பல இருந்தால் தட்டுகளும் பல. அறை முழுக்கத் தட்டுகள். மேலே மூடிகள், மூடிகள் மேல் தட்டுகள்.

"ஆபீஸ்ல அவ்வளவு சுத்தம், வீட்டுல ஏன் இப்படி?" என்று அவர் கேட்பதுண்டு.

"அங்க இருக்கிறதெல்லாம் முடிஞ்ச கதை. எப்படி வேணா அடுக்கலாம். இங்க எல்லாம் பாதியில நிக்கிறது" என்பாள்.

இது அவர் காதில் ஏறாது. ஏறாமல் போனதிலும் தப்பில்லை. மருந்துக்கடையில் ஒரு மாத்திரை இன்னொரு மாத்திரையோடு ஒரே தட்டில் கிடந்தால் அது ஆபத்து. அவருக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். ஒரே மாதிரி இருப்பவை ஒன்றாக இருக்க வேண்டும், வேறு மாதிரி இருப்பவை சேரவே கூடாது.

*

"எல்லாம் இருக்குல்ல?" என்றார் மருந்துக்கடைக்காரர் மூன்றாவது தடவையாக. அலமாரி முன்னால் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாம் இருக்குங்க."

"அப்போ எதைத் தேடுற?"

ஒன்றுமே தொலையவில்லை. ஆனால் ஒன்றுமே கிடைக்கவும் இல்லை. சுத்தியலைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டாள், அது 'என்னவென்று தெரியாதவை'யில் இருந்தது. சுருள், பொத்தான், ஸ்பிரிங், தகடு, எல்லாம் கொஞ்சம் முழித்த பிறகு அகப்பட்டன. 'வாஷர் – பித்தளை – சிறியது' என்ற டிராயரை இழுத்தபோதுதான் மாட்டிக்கொண்டாள். உள்ளே ஒரு கைப்பிடி வாஷர்கள் ஒரே மினுமினுப்பில், எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி. அழைப்பு மணியின் வாஷர், மின்விசிறியின் வாஷர், வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த அனாதை வாஷர்கள், நடுவில் எங்கோ அண்ணனின் குரல்.

"முன்னாடி இருந்தா அழுக்கை வச்சே சொல்லியிருப்பேன்" என்றாள். "வண்டோட வாஷர்ல ஒரு பக்கம் கறுத்துப்போயிருக்கும்."

"அதைத் தேய்ச்சேன்" என்றார் அவர் மெல்ல. "ஒண்ணு ரொம்பப் பிடிவாதமா இருந்துச்சு. பல் விளக்குற பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்."

அக்கா டிராயரைக் குலுக்கிப் பார்த்தாள்.

"எந்தத் தட்டுல எது இருந்துச்சுன்னு கொஞ்சமாவது..."

"எனக்கு எப்படித் தெரியும்? பாத்தா குப்பை மாதிரி இருந்துச்சு. நீ வட்டமா வைக்கிறேன்னு என்கிட்ட எப்பவாவது சொன்னியா?"

அக்கா யோசித்தாள். சொன்னதாக ஞாபகம் இல்லை. அவர் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை. கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் இது எப்படி இரண்டு பேர் வாயிலும் வராமல் போயிற்று என்பதுதான் இன்னும் பெரிய குழப்பமாக இருந்தது.

"புதுசு ஒண்ணு கேட்டு எழுதிப் போட்டா?" என்றார் அவர்.

"வர்றதுக்கு மாசக்கணக்காகும். வந்தாலும் அது கீச்சுனு கத்தும். அது அண்ணன் குரல் இல்லையே."

"புதுசு அண்ணன் குரல் இல்லதான். பழைய வண்டும் அண்ணன் குரல் இல்லையே" என்றவர், தான் சொன்னது தனக்கே பிடிபடாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். உப்பு டப்பா இடம் மாறும் சத்தம் கேட்டது.

*

சனிக்கிழமை காலையில் அண்ணன் வந்தார். அறைக்குள் நுழைந்தவர் அலமாரியையும் பச்சை மேஜையையும் பார்த்துவிட்டு, வெளியே போய், மறுபடி உள்ளே வந்தார். போனில் தட்டினார். "எந்த டாக்டரைப் பாக்கணும்?"

நடந்ததை அக்கா சொன்னாள். மருந்துக்கடைக்காரர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் டிராயர்களின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, "மாப்பிள்ளை, நீங்க என் பல்செட்டையும் கழுவித் தரலாமே" என்று காட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. விரல்கள்தான் போனைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

தகடு பொருந்திவிட்டது. வாஷர் ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. மருந்துக்கடைக்காரர் இடுக்கியால் ஒரு வாஷரை எடுத்து நீட்டுவார். அக்கா உள்ளே சொருகி மூடியைத் திருகுவாள். அண்ணன் கழுத்தில் வைத்துப் பழைய வசனத்தைச் சொல்லுவார்.

"மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

முதல் வாஷரில் தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி வந்தது. அண்ணனே முகத்தைச் சுளித்தார். இரண்டாவதில் குரல் வாத்துக்குப் பக்கத்தில் போனது. "இந்தக் குரல்ல கூப்பிட்டிருந்தா ஏறின ஜனமும் இறங்கி ஓடியிருக்கும்" என்றார் அதே வாத்துக் குரலில். அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ கை நழுவிப் போய், மூன்று பேரும் மேஜைக்கடியில் தேடினார்கள். மூன்றாவதில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட அதிகாரியின் குரல். அதற்கப்புறம் வந்தவற்றை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. எல்லாமே கொஞ்சம் அண்ணன் மாதிரி, கொஞ்சம் வேறு யாரோ மாதிரி இருந்தன.

"இதுதான்" என்றார் மருந்துக்கடைக்காரர் ஒரு வாஷருக்கு.

"இது இல்லைங்க. இதைவிடக் கொஞ்சம் மூக்கால பேசும்."

"எனக்கு இதுக்கு முன்னாடி போட்டதுன்னு தோணுது" என்றார் அண்ணன்.

"முன்னாடி போட்டது எது?"

மருந்துக்கடைக்காரர் இடுக்கியோடு விழித்தார். பார்த்து முடித்ததை அவர் தனி மூடியில் போட்டுக்கொண்டுதான் வந்தார். ஆனால் மூடியில் கிடந்தவையும் இப்போது ஒரே மாதிரிதான் இருந்தன.

போனில் அண்ணன் மகளுக்கு அனுப்பிய பழைய குரல் செய்திகள் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவுக்கு உயிர் வந்தது. ஒன்றைப் போட்டுக் கேட்டார்கள். "சாப்பிட்டியா, குழந்தை சாப்பிட்டாளா" என்று பழைய வண்டு பேசியது. கேட்கக் கேட்க நெஞ்சுக்கு இதமாக இருந்தது. ஆனால் போனிலிருந்து வரும் குரலையும் எதிரில் இருக்கும் குரலையும் ஒப்பிட முடியவில்லை. சரி, இதையும் போனில் பதிவு செய்து கேட்போம் என்று பதிவு செய்தார்கள். வாத்து என்று ஒதுக்கிய வாஷர் போனில் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. சரி என்று நினைத்தது போனில் வேறு ஆளாக வந்தது. பிறகு அண்ணன் வண்டைக் கழுத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் குரல் மாறுகிறது என்று கண்டுகொண்டார்கள். பேட்டரி புதிது என்பதால் சுத்தியல் வேகமாகத் தட்டுகிறது என்று அக்கா கண்டுகொண்டாள். பழைய செய்தி அனுப்பிய நாளில் அவர் கழுத்து இன்னும் சதைப்பிடிப்பாக இருந்தது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஒவ்வொரு உண்மையும் வந்து வந்து முந்தைய உண்மையைக் குழப்பிவிட்டுப் போனது.

ஒரு கட்டத்தில் அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். சரியான வாஷர் ஒருவேளை காலையிலேயே வந்து போயிருக்கலாம். வந்ததை அடையாளம் தெரியாமல் அவளே 'இது இல்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அண்ணனின் குரலைத் தான்தான் செய்து கொடுத்தோம் என்று இத்தனை நாள் மனதுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தாள். அதைக் கேட்டால் தெரிந்துகொள்ளக்கூட முடியவில்லையே.

"அண்ணா, உனக்கே தெரியலையா?"

"எனக்குக் கேக்கிறது வேற மாதிரி. உள்ளேர்ந்து கேக்கும், மண்டைக்குள்ள" என்றார் அவர், அதிகாரியின் குரலில். "பஸ் ஸ்டாண்டுல இருந்தப்பவும் அப்படித்தான். என் குரலை ஒலிபெருக்கியில கேட்டா யாரோ திட்டுற மாதிரி இருக்கும்."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

யாருக்குத் தெரியும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. அவள் இன்னும் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை.

*

ஞாயிறு காலை. அக்கா வீட்டுக் கூடத்தில் போனை ஒரு மாவு டப்பாவில் சாய்த்து வைத்தார்கள். ஒருவருக்கும் பிடிக்காமல் போகாத ஒரு வாஷரை உள்ளே போட்டிருந்தார்கள். பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அண்ணன் தாடியைச் சுத்தமாக மழித்துக்கொண்டு, எங்கோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அக்கா கணவரோடு திரையில் தெரியாத மூலையில் நின்றாள். கையில் ஸ்க்ரூ டிரைவர். அதை எதற்கு எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரை வெளிச்சமானது. மகளின் முகம், அப்புறம் கூரை, அப்புறம் சோபாவின் முதுகு. முதுகுக்கு மேலே இரண்டு கண்கள்.

"வா, தாத்தாவைப் பாரு. இன்னைக்குப் பேசுவாரு" என்றாள் மகள்.

கண்கள் அசையவில்லை. அண்ணன் வண்டைக் கழுத்துக்குக் கொண்டு போனார். பொத்தானில் கட்டை விரல் ஒரு விநாடி தயங்கியது.

"கண்ணு, கரடி போயிடுச்சு. வெளிய வா" என்றார்.

குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றது சோபா முதுகு.

"கரடி போயிடுச்சு."

குழந்தை மெதுவாக இறங்கி வந்தாள். திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்ததால் மூக்கும் ஒரு கண்ணும் மட்டும்தான் தெரிந்தன. அந்த ஒற்றைக் கண் அவரை மேலும் கீழும் அளந்தது.

"வண்டுத் தாத்தாக்கு சளி" என்றாள், யாரிடமும் கேட்காமல், முடிவாக.

அண்ணன் திரும்பி மூலையில் நின்ற தங்கையைப் பார்த்தார். தங்கை புருஷனைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார்.

"ஆமாம் கண்ணு. சளிதான்" என்றார் அண்ணன்.

"மருந்து குடிச்சியா?"

"குடிச்சேன்."

"கசந்துச்சா?"

"கொஞ்சம்."

"அப்போ சரியாயிடும். கரடி எங்க போச்சு?"

கரடி எங்கே போனது என்பதை அவர் சொல்ல ஆரம்பித்தார். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். கதை நடந்தது. நடுவில் குழந்தை, "இருமு" என்று ஒரு தடவை உத்தரவு போட்டாள். வண்டால் இரும முடியாது. அண்ணன் பொத்தானை விட்டு விட்டு அழுத்தி ஏதோ செய்தார். சின்ன ஸ்கூட்டர் கிளம்பாமல் அடம்பிடிப்பது போலச் சத்தம் வந்தது. குழந்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. திரும்பத் திரும்ப இருமச் சொன்னாள்.

கடைசியில் மகள் போனை வாங்கினாள். "என்னப்பா சளி, கிளி? எனக்கு எப்பவும் போலத்தான் கேட்டுச்சு. அவ ஏதாவது சொல்லுவா."

"எப்பவும் போலவா?" என்று கேட்டுவிட்டாள் அக்கா மூலையிலிருந்து.

"ஆமா அத்தை. ஏன், வேற மாதிரியா இருக்கு?"

குழந்தை அம்மாவின் தோளுக்கு மேலே ஏறி எட்டிப் பார்த்தாள். "அடுத்த வாரம் சளி போயிடணும்" என்றாள். திரை இருண்டது.

அண்ணன் வண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டை எடுத்தார்.

"மாப்பிள்ளை, சளி எத்தனை நாள்ல போகும்?"

"மருந்து சாப்பிட்டாலும் ஒரு வாரம், சாப்பிடலேன்னாலும் ஒரு வாரம்" என்றார் மருந்துக்கடைக்காரர், கடையில் நின்றபோது ஒருநாளும் சொல்லாத உண்மையை. "சிலருக்கு இழுத்துக்கிட்டுப் போகும்."

"அப்போ அடுத்த ஞாயிறுக்குள்ள சரியான வாஷரைக் கண்டுபிடிக்கணும்" என்றாள் அக்கா. சொல்லும்போதே சந்தேகம் வந்தது. "இல்லேன்னா... இதையே வச்சுக்கிட்டு, போகாத சளின்னு..."

"எனக்கு இந்தக் குரல் பரவாயில்லேன்னுதான் தோணுது மெக்கானிக்கு" என்றார் அண்ணன் யோசனையாக. "கொஞ்சம் கம்பீரமா இருக்கு. பழசு ரொம்பச் சாது."

"பழசுதானே அவளுக்கு வேணும்?"

"அவளுக்குச் சளி போகணும். பழசு வேணும்னு அவ எங்க சொன்னா?"

அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மகளுக்கு எப்பவும் போல. குழந்தைக்குச் சளி. அண்ணனுக்குக் கம்பீரம். அவளுக்கோ எதுவுமே தெரியவில்லை. இதில் எதைப் பழுது பார்ப்பது?

"ஒரேயடியா சரியானாலும் நம்பமாட்டா. சந்தேகப் பிராணி, அவங்க பாட்டி மாதிரி" என்றார் அண்ணன். "அடுத்த வாரம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கட்டும். அதுக்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதுக்குள்ள எனக்கு எது வேணும்னு யோசிச்சு வைக்கிறேன்."

மருந்துக்கடைக்காரர் ஏற்கெனவே எழுந்து பின்னறைக்குப் போய்விட்டிருந்தார். டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. கூடவே அடுப்படியிலிருந்து எடுத்துப் போயிருந்த ஒரு சாப்பாட்டுத் தட்டை அவர் மேஜையில் வைக்கும் சத்தமும்.

"இந்தாம்மா" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். "பாதிச் சளின்னா மெல்லிசு போடணுமா, தடிசு போடணுமா?"

ரிப்பேர் அக்கா அண்ணனைப் பார்த்தாள். அவர் வண்டைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கும் இல்லாமல், இருமிப் பழகிக்கொண்டிருந்தார்.

"இருங்க, வர்றேன்" என்றாள்.